எவரெஸ்டிலிருந்து நெய்யூருக்கு: டாக்டர் சோமர்வெல்

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி



நம் அணுபுரத்தில் பனி என்றால் மார்கழி விடியற்காலையில் சைக்கிள் இருக்கையின்மேல் படிந்திருக்கும் ஈரந்தான். அதைத் துடைத்துவிட்டுப் பள்ளிக்கு வந்துவிடுகிறோம். ஒரு மலைச்சரிவின் பனி முழுவதும் ஒரே நொடியில் பெயர்ந்து ஓடி வந்து மனிதரை மூடிவிடும் என்று யாராவது சொன்னால் நமக்குக் கதை கேட்பது போல் இருக்கும். ஆனால் 2016ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள், சியாச்சின் பனிமலையில் சுமார் 19,600 அடி உயரத்தில் மதராஸ் ரெஜிமெண்டின் காவற்சாவடியில் இருந்த பத்து இராணுவ வீரர்களைப் பனி அப்படித்தான் மூடியது. பத்துப் பேரும் உயிர் நீத்தனர். அவர்களில் நால்வர் நம் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். ஆகவே பனிச்சரிவு நமக்குச் சம்பந்தமில்லாத செய்தி என்று சொல்லிவிட முடியாது.

இங்கே நான் எழுதப் புகுவது, அதற்கு வெகுகாலம் முன்பு எவரெஸ்ட் மலையில் ஒரு பனிச்சரிவில் சிக்கி உயிர் பிழைத்த டாக்டர் ஒருவரின் வாழ்க்கையை. அவர் பெயர் தியடோர் ஹோவர்டு சோமர்வெல். ஆங்கிலேயர். ஆயினும் சுமார் 40 ஆண்டுகள் நெய்யூரிலும் வேலூரிலும் நோயாளிகளுக்குச் சேவை செய்தவர். என் தாயாரின் ஊர் மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் உள்ளது. அங்கே என் பாட்டியின் தாயாருக்கு வயிற்றில் அறுவை செய்து பிழைக்க வைத்தது நெய்யூர் ஆஸ்பத்திரி என்று சிறு வயது முதலே கேட்டிருக்கிறேன். அந்த ஆஸ்பத்திரியின் வெள்ளைக்கார டாக்டர் எவரெஸ்ட் ஏறியவர் என்பது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. சென்ற கோடை விடுமுறையில் நான் படித்துச் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

சோமர்வெல் 1890ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் இங்கிலாந்தின் வடக்கே கெண்டல் என்னும் ஊரில் பிறந்தார். அவரது குடும்பத்தார் பாதணி செய்யும் பெரிய தொழிற்சாலை வைத்திருந்தனர். மலையேறப் போகும் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான வீடு அமையுமா! ரக்பி பள்ளியிலும், பின்னர் கேம்பிரிட்ஜில் கீஸ் கல்லூரியிலும் படித்து, இயற்கை அறிவியலில் இரண்டு தேர்வுகளிலும் முதல் வகுப்பில் தேறினார். அதன் பிறகு இலண்டனில் மருத்துவம் பயின்றார். இசையிலும் ஓவியத்திலும் அவருக்கு நல்ல தேர்ச்சி உண்டு. விடுமுறை கிடைத்தால் மலைக்குப் போய்விடுவார்.

முதல் உலகப் போர் வந்தது. சோமர்வெல் இராணுவ மருத்துவப் படையில் சேர்ந்து பிரான்சுக்குச் சென்றார். 1916ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஸோம் நதிக்கரைப் போர் தொடங்கியபோது, அவருடைய மருத்துவ முகாமுக்குக் காயம்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தார்கள். கூடாரங்களில் இடமில்லாமல் வெளியே வயல்வெளியெங்கும் படுத்துக் கிடந்தார்கள். டாக்டர்களோ சிலர்தாம். யாரை முதலில் மேசைக்கு எடுப்பது, யாரை விட்டுவிடுவது என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. அந்தக் கூட்டத்தினூடே நடந்து சென்றபோது, தன்னை முதலில் கவனிக்கும்படி ஒருவர்கூடக் கேட்கவில்லை என்பது அவர் மனத்தில் ஆழப் பதிந்துவிட்டது. போர் என்றாலே அவருக்கு வெறுப்பு உண்டானதும் அங்கேதான்.

போர் முடிந்து சில ஆண்டுகளில், 1922ஆம் ஆண்டு எவரெஸ்ட் சிகரத்தை ஏறிவிடும் நோக்கத்துடன் புறப்பட்ட முதற் குழுவில் அவருக்கு இடம் கிடைத்தது. ஜெனரல் சார்லஸ் புரூஸ் அதன் தலைவர். பள்ளி ஆசிரியராக இருந்த ஜார்ஜ் மலோரியும் அதில் இருந்தார். டார்ஜிலிங்கிலிருந்து ஷெர்ப்பாக்களும் திபெத்தியரும் சுமை தூக்குவோராக உடன் சென்றனர். மலோரியும் சோமர்வெல்லும் உற்ற நண்பர்கள் ஆனார்கள். இரவுகளில் கூடாரத்திற்குள் ஷேக்ஸ்பியரின் நாடகங்களை ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டினார்களாம். (நமக்கு மின்விசிறியின் கீழ் உட்கார்ந்து வாசிக்கவே தூக்கம் வருகிறது!)

மே 21ஆம் நாள் மலோரி, சோமர்வெல், நார்ட்டன் ஆகிய மூவரும் பிராணவாயுக் கலமின்றி 26,985 அடி உயரத்தை எட்டினார்கள். அதுவரை மனிதர் யாரும் அவ்வளவு உயரம் ஏறியதில்லை. சில நாட்களில் வேறிருவர் பிராணவாயுக் கலங்களுடன் இன்னும் சற்று மேலே சென்று திரும்பினர். அத்துடன் இறங்கியிருக்கலாம். மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. நமக்கு மழையாகப் பொழியும் மேகம் அங்கே பனியாகப் பொழியும். ஆயினும் மூன்றாம் முறையும் முயல்வது என்று முடிவு செய்தார்கள்.

அப்போது நடந்ததைச் சொல்லுமுன் பனியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். மலைமேல் விழும் பனி ஒரே கட்டியாக இருப்பதில்லை. ஒவ்வொரு பனிப்பொழிவும் ஒவ்வோர் அடுக்காகப் படிகிறது. பாட்டி செய்யும் அடுக்குப் பணியாரத்தைப் போல என்று வைத்துக்கொள்ளலாம். ஓர் அடுக்கு வெயிலில் உருகி மீண்டும் உறைந்து கண்ணாடி போல் வழவழப்பாகிவிடும். இன்னோர் அடுக்கு கடுங்குளிரில் சர்க்கரை போல் ஒட்டாத மணிகளாக மாறிவிடும். அதன்மேல் புதுப்பனி விழுந்து, காற்று அதை அழுத்திப் பலகை போலாக்கிவிட்டால் மேலே பார்ப்பதற்குக் கெட்டியான தரையாகவே தெரியும். அடியில் பிடிப்பு இராது. நம் மாமல்லபுரத்தில் வெண்ணெய் உருண்டைப் பாறை சரிவில் உருளாமல் நிற்கிறதே, அதற்குக் காரணம் அடியில் உள்ள உராய்வு. பனிப்பலகையும் அப்படித்தான் நிற்கிறது. ஆனால் அந்தப் பிடிப்பு பாறையினுடையதைப் போல நிலையானதன்று. புதிதாக ஓர் அடிப் பனி விழுந்தாலோ, வெயில் ஏறினாலோ, மனிதர் சிலர் அதன்மேல் நடந்தாலோ அறுந்துவிடும். புயலுக்குப் பின் சதுரங்கப்பட்டினம் கடற்கரையில் அலை அரித்து மணல் சுவர் போல் நிற்கும்போது அதன் விளிம்பில் நின்று பார்த்திருக்கிறீர்களா? காலுக்குச் சற்றுப் பின்னால் ஒரு கோடு போல வெடிப்பு விழும். அடுத்த கணம் நாம் நிற்கும் துண்டே கீழே போய்விடும். கடற்கரையில் அது விளையாட்டு. மலையில் அந்தத் துண்டு ஒரு தெருவின் அகலம் இருக்கும்.

பெரும்பாலான பனிச்சரிவுகள் 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளில்தான் நிகழ்கின்றன. அதைவிடச் செங்குத்தாக இருந்தால் பனி தங்காமல் அவ்வப்போது உதிர்ந்துவிடும். சாய்வு குறைவாக இருந்தால் எளிதில் நகராது. பெரும் பனி பொழிந்த முதல் ஓரிரு நாட்கள் மிகவும் ஆபத்தானவை. சிக்கிக்கொள்பவர்களில் பலர் தாங்களே அல்லது தங்களுடன் வந்தவர்களே காலால் அதைக் கிளப்பிவிட்டவர்கள் என்று படித்தபோது எனக்கு மிகவும் வியப்பாக இருந்தது. ஓடிய பனி நின்றவுடன் சிமெண்ட் போல் இறுகிவிடும். உள்ளே இருப்பவரால் விரலைக்கூட அசைக்க முடியாது. சுமார் கால் மணி நேரத்துக்குள் தோண்டி எடுத்தால் பிழைக்க வாய்ப்பு அதிகம். பிறகு அது வேகமாகக் குறைந்துவிடும்.

இவற்றில் பல இன்று பாடமாகக் கற்பிக்கப்படுகின்றன. 1922இல் மலோரிக்கும் சோமர்வெல்லுக்கும் இருந்தது ஆல்ப்ஸ் மலை அனுபவம். ஜூன் தொடக்கத்தில் கடும் பனி பொழிந்தது. பொழிவு நின்று வெயில் வந்ததும், பனி இறுகியிருக்கும் என்று எண்ணினார்கள். ஆல்ப்ஸில் அந்தக் கணக்கு பெரும்பாலும் சரியாக வரும். ஜூன் 7ஆம் நாள் காலை மலோரி, சோமர்வெல், கிராஃபோர்டு ஆகிய மூவரும் சுமை தூக்குவோர் 14 பேரும் வட கணவாய் என்னும் 23,000 அடி உயரமுள்ள இடத்தை நோக்கிப் புறப்பட்டனர். கண்ணை மூடிக்கொண்டு போனார்கள் என்று சொல்லக்கூடாது. செங்குத்தான பகுதியில் பனியை மிதித்துச் சோதித்தார்கள். அது நழுவவில்லை. ஆகவே அதற்கு மேலிருந்த சாய்வு குறைந்த பகுதியைப் பற்றி அவர்கள் அஞ்சவில்லை. முழங்கால் வரை புதையும் பனியில் சோமர்வெல் முன்னால் சென்று வழி உண்டாக்கினார்.

பகல் ஒன்றரை மணி இருக்கும். வெடி வெடித்தாற்போல் ஒரு சத்தம் கேட்டது. மேலே சரிவில் வெடிப்பு விழுந்து பனி முழுவதும் நகர்ந்தது. முதற் கயிற்றில் இருந்த நால்வரும் சிறிது தூரம் இழுத்துச் செல்லப்பட்டு, பனிக்குள்ளிருந்து திமிறி எழுந்தனர். அடுத்த கயிற்றில் வந்தவர்களும் தப்பினர். அதற்குக் கீழே இரண்டு கயிறுகளில் வந்த ஒன்பது பேரைக் காணோம். அவர்கள் ஒரு பனிச்சுவரின் விளிம்பைத் தாண்டிக் கீழே உள்ள பிளவுக்குள் விழுந்து, அவர்கள்மேல் பனியும் விழுந்து மூடியிருந்தது. மற்றவர்கள் ஓடிச்சென்று தோண்டினார்கள். இருவர் உயிருடன் கிடைத்தனர். எழுவர் இறந்தனர்.

இறந்த எழுவரும் சுமை தூக்க வந்தவர்கள். ஆங்கிலேயர் ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. இதைத்தான் சோமர்வெல்லால் தாங்க முடியவில்லை. தாங்கள் பனியைத் தவறாக மதிப்பிட்டதற்கு அவர்கள் விலை கொடுத்தார்கள் என்று வருந்தினார். தங்களில் ஒருவராவது அவர்களுடன் இறந்திருந்தால், ஆபத்தைத் தாங்களும் பகிர்ந்துகொண்டது அவர்களின் தோழர்களுக்குத் தெரிந்திருக்குமே என்று அன்று தம் மனம் ஏங்கியதைப் பின்னாளில் தாம் எழுதிய நூலில் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். இறந்தவர்களின் தோழர்கள் விரும்பியபடி உடல்கள் அந்தப் பனியிலேயே விடப்பட்டன. 1924இல் பிரான்சில் நடந்த குளிர்கால ஒலிம்பிக் போட்டியின்போது 1922ஆம் ஆண்டுக் குழுவினருக்கு மலையேற்றத்துக்கான பதக்கம் அளிக்கப்பட்டது. அந்தப் பட்டியலில் இறந்த எழுவரும் சேர்க்கப்பட்டிருந்தனர். அது நியாயமே. ஆனால் பதக்கம் வாங்க அவர்கள் இல்லையே.

எவரெஸ்டிலிருந்து இறங்கிய சோமர்வெல் நேரே ஊருக்குப் போகவில்லை. இந்தியாவைச் சுற்றிப் பார்த்துக்கொண்டே தெற்கே வந்தார். அப்போது திருவிதாங்கூர் இராச்சியத்தில் இருந்த நெய்யூரில், இலண்டன் மிஷனைச் சேர்ந்த ஆஸ்பத்திரியைக் காண வந்தார். (கன்னியாகுமரி மாவட்டம் நம் மாநிலத்துடன் இணைந்தது 1956 நவம்பர் 1இல்தான் என்பது வரலாற்றுப் பாடத்தில் நாம் படித்ததே.) அங்கே ஒரே ஒரு அறுவை மருத்துவர் ஓய்வின்றி உழைத்துக்கொண்டிருந்தார். வெளியே வரிசை முடியவே இல்லை. சோமர்வெல்லும் கத்தியை எடுத்துக்கொண்டு உதவி செய்தார். இலண்டனில் ஒரு பெரிய மருத்துவமனையில் அவருக்கு நல்ல பதவி காத்திருந்தது. அதை விட்டுவிட்டு நெய்யூருக்கே வந்துவிடுவது என்று தீர்மானித்தார்.

பனிச்சரிவுக்கும் இந்தத் தீர்மானத்துக்கும் தொடர்பு உண்டு என்று புத்தகங்கள் கூறவில்லை. நெய்யூரில் கண்ட நோயாளிகளின் கூட்டமே காரணம் என்கின்றன. இருக்கலாம். ஆனால் எழுவரைப் பனியில் விட்டுவிட்டு வந்து சில மாதங்களே ஆன ஒருவர், தம்மை எதிர்பார்த்து வரிசையில் நிற்கும் ஏழைகளைப் பார்த்தபோது வேறு எதை நினைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. ஸோம் நதிக்கரை வயலும் அவர் நினைவுக்கு வந்திருக்கும்.

1924இல் எவரெஸ்ட் குழு மீண்டும் அழைத்தது. நெய்யூரிலிருந்தே புறப்பட்டுச் சென்றார். மே மாதம் அதே வட கணவாயின் முகாமில் சுமை தூக்குவோர் நால்வர் அகப்பட்டுக்கொண்டனர். புதுப்பனி விழுந்திருந்தது. கீழே இறங்கும் வழியில் ஒரு மோசமான சரிவைக் குறுக்காகக் கடக்க அஞ்சி அவர்கள் மேலேயே தங்கிவிட்டார்கள். சிலருக்குப் பனியால் கைகால்கள் பாதிக்கப்பட்டிருந்தன. சிகரத்தை மறந்துவிட்டு அவர்களைக் கொண்டுவரவேண்டும் என்று நார்ட்டனும் மலோரியும் சோமர்வெல்லும் மே 24ஆம் நாள் ஏறினார்கள். மூவருக்கும் உடல்நலம் சரியில்லை. சோமர்வெல்லுக்கு ஓயாத இருமல்.

மற்ற இருவரும் கயிற்றைப் பிடித்துக்கொள்ள, சோமர்வெல் அந்தச் சரிவில் குறுக்காகச் சென்றார். இரண்டாண்டுகளுக்கு முன் எழுவரைக் கொன்ற அதே கணவாய்ச் சரிவுகள். அதே போன்ற புதுப்பனி. இந்த முறை அவருக்கு அதன் குணம் நன்றாகத் தெரியும். தெரிந்தே காலை வைத்தார். அந்த நால்வரை அடைய இன்னும் பத்துக் கஜம் இருக்கும்போது கயிறு தீர்ந்துவிட்டது. அவர்களை ஒவ்வொருவராக வரச் சொன்னார். இருவர் பத்திரமாக வந்து சேர்ந்தனர். மற்ற இருவரும் அவசரத்தில் சேர்ந்து புறப்பட, பனி பெயர்ந்து இருவரும் வழுக்கிச் சென்று, சில கஜ தூரத்தில் எப்படியோ நின்றுவிட்டனர். அதற்குக் கீழே அதலபாதாளம். அவர்களை அசையாமல் இருக்கச் சொல்லிவிட்டு, சோமர்வெல் தம் பனிக்கோடரியைப் பனியில் ஆழக் குத்தி, இடுப்புக் கயிற்றை அவிழ்த்து அதில் மாட்டி, கயிற்றின் நுனியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையை நீட்டினார். ஒவ்வொருவராகச் சட்டைக் கழுத்தைப் பற்றி இழுத்தார். நால்வரும் பிழைத்தனர்.

சோமர்வெல்லைப் பற்றி எழுதுபவர்கள் இதைவிட ஜூன் 4ஆம் நாளைத்தான் விரிவாக எழுதுவார்கள். அன்று அவரும் நார்ட்டனும் பிராணவாயு இன்றிச் சிகரத்தை நோக்கிச் சென்றனர். சுமார் 28,000 அடியில் தொண்டை அடைத்து சோமர்வெல் உட்கார்ந்துவிட்டார். நார்ட்டன் மட்டும் 28,126 அடி வரை சென்று திரும்பினார். பிராணவாயு இல்லாமல் அதைவிட உயரம் செல்ல மனிதருக்கு 1978ஆம் ஆண்டு வரை ஆயிற்று. இறங்கும்போது சோமர்வெல்லுக்கு மூச்சு அடியோடு நின்றுவிட்டது. குளிரில் வெந்துபோன தொண்டைச் சவ்வு பெயர்ந்து மூச்சுக்குழலை அடைத்திருந்தது. சாகத்தான் போகிறோம் என்று பனியில் உட்கார்ந்தவர், கடைசி முறையாக இரு கைகளாலும் மார்பை அழுத்தித் தள்ள, அடைப்பு வெளியே வந்து விழுந்தது. கீழே வந்ததும் தம் கேமராவை மலோரிக்குக் கொடுத்தார். ஜூன் 8ஆம் நாள் மலோரியும் இளைஞர் இர்வினும் சிகரத்தை நோக்கிச் சென்று மறைந்தனர். மலோரியின் உடல் 1999ஆம் ஆண்டு மே 1ஆம் நாள் கண்டுபிடிக்கப்பட்டது. அதனிடம் கேமரா இல்லை.

பிறகு சோமர்வெல் நெய்யூருக்குத் திரும்பினார். 1925இல் மார்கரெட் ஹோப் சிம்ப்சன் என்னும் அம்மையாரை மணந்தார். மூன்று ஆண் மக்கள் பிறந்தனர். மரச்சீனிக் கிழங்கை உண்டு வாழ்ந்த அந்தப் பகுதி ஏழைகளிடையே வயிற்றுப்புண்ணும் குடற்புண்ணும் மிகுதியாக இருந்தன. அவற்றுக்கு ஆயிரக்கணக்கில் அறுவை செய்து, அத்துறையில் பிற நாட்டு மருத்துவர்களும் மதிக்கும் வல்லுநர் ஆனார். என் பாட்டியின் தாயாருக்கும் அந்த நோய்தான். மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பிப் படுக்க வைத்துக் கொண்டுபோனார்களாம். அவர்கள் கத்தோலிக்கக் குடும்பம், ஆஸ்பத்திரியோ சீர்திருத்தச் சபையாருடையது. அதை யாரும் அங்கே கேட்கவில்லை என்று பாட்டி சொல்வார். தொழுநோயாளிகளுக்காகவும் டாக்டர் பாடுபட்டார். 1938இல் அரசாங்கம் அவருக்குக் கைசர்-இ-ஹிந்த் பதக்கம் அளித்தது.

1949 முதல் 1961 வரை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவம் கற்பித்தார். தாயகம் திரும்பிய பிறகு மலையேறுவோரின் ஆல்பைன் சங்கத்துக்கு மூன்றாண்டுகள் தலைவராக இருந்தார். எவரெஸ்டையும் திபெத்தையும் நிறைய ஓவியங்களாகத் தீட்டி வைத்திருக்கிறார். 1975ஆம் ஆண்டு ஜனவரி 23ஆம் நாள் ஆம்பிள்சைடு என்னும் ஊரில், தமது 84ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். கேரள எல்லையில் காரக்கோணத்தில் உள்ள மருத்துவக் கல்லூரி இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. நெய்யூர் ஆஸ்பத்திரியும் நடந்து வருகிறது.

இவற்றை எல்லாம் நான் பாட்டியிடம் சொன்னபோது, சிகரத்தைப் பற்றிப் பாட்டி ஒன்றும் கேட்கவில்லை. பனியில் விடப்பட்ட அந்த எழுவரைப் பற்றித்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். அன்றிரவு வீட்டில் செபமாலை முடிந்து நாங்கள் எழுந்திருக்கப் போனபோது, பாட்டி கையமர்த்தி எங்களை உட்கார வைத்து, அவர்களுக்காக இன்னொரு பரலோக மந்திரம் சொல்ல வைத்தார்.